குளிர்காலத்துக்குப் பின் ஃப்ளை ஃபிஷிங்: புதிய பருவத்துக்கு வரிசைப்படி தயாராகும் முறை

ஃப்ளை ஃபிஷிங் என்பது, பூச்சிபோல் முள்ளில் கட்டிய எடையற்ற ‘ஃப்ளை’யை எடையுள்ள ‘லைன்’ என்னும் கயிற்றால் வீசி மீன் பிடிப்பது. அதன் பருவம் நெருங்கும்போது புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் திறப்பது ஃப்ளை பெட்டியைத்தான். பார்க்க அழகான வேலை என்பதால் கை தானாக அங்கே போகிறது. நீர்புகாக் கால்சட்டையின் கசிவும், தூண்டில் கம்பின் வளையத்தில் விழுந்த கீறலும், காலாவதியான உரிமமும் கடைசி வாரத்தில்தான் கண்ணில் படுகின்றன. அப்போது பசை காயவும், பழுதுபார்க்கக் கொடுத்த கம்பு திரும்பி வரவும் நேரம் இருப்பதில்லை.

ஆகவே, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்பதை வைத்தே இந்த வழிகாட்டியை வரிசைப்படுத்தியிருக்கிறேன். பிறரையும் காலத்தையும் நம்பியிருக்கும் வேலைகள் முன்னால் வருகின்றன. ஒரே மாலையில் நம் கையாலேயே முடியும் வேலைகள் பின்னால் வருகின்றன. பருவம் திறப்பதற்கு ஆறு வாரம் முன்பாகத் தொடங்கினால் எதையும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்காது. ஆற்றில் இறங்கி டிரவுட் மீனைத் தேடுபவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் அதைத் தெளிக்க ஒரு புட்டியும், கால்சட்டைக்கான யூரிதேன் பசை, காரமில்லாத சோப்பு, மென்மையான பருத்தித் துணிகள், பஞ்சுக் குச்சிகள், ஒரு துண்டு பாரஃபின் மெழுகு, ரீலுக்கு (லைனைச் சுற்றி வைக்கும் சக்கரம்) ஏற்ற எண்ணெய், தூண்டில் முள்ளைத் தீட்டும் சிறு கல், தட்டையான வாயுள்ள இடுக்கி, நீரின் வெப்பத்தை அளக்கும் வெப்பமானி ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

அதன்பின் எல்லாச் சாமான்களையும் ஒரு பெரிய மேசையிலோ தரையிலோ பரப்புங்கள். பைக்குள் இருப்பதை நினைவிலிருந்து பட்டியலிடுபவர்கள், தீர்ந்துபோன டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி இழை) சுருளையும் கடந்த இலையுதிர்காலத்தில் தொலைந்த இடுக்கியையும் இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறார்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் இருப்பில் சேருங்கள்.

2. உரிமமும் விதிகளும்

உரிமத்தின் காலாவதித் தேதியை முதலில் பாருங்கள். அடுத்ததாக, நீங்கள் போகவிருக்கும் ஆற்றின் இந்த ஆண்டு விதிகளைப் படியுங்கள். ஒரே ஆற்றின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெவ்வேறு நாளில் மீன்பிடிப்புக்குத் திறக்கலாம். முட்டையிடும் இடங்களுக்கருகே சில பகுதிகள் மேலும் சில வாரங்களுக்கு மூடியே இருக்கலாம். எதிர்முள் (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூர்) இல்லாத தூண்டில் முள் கட்டாயமா, ஒரே நேரத்தில் எத்தனை ஃப்ளை கட்டலாம், பிடித்த மீனை வைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்பவற்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளை பெட்டியை அடுக்குவது இந்த விடைகளைப் பொறுத்ததாகையால், இந்தப் படி அதற்கு முன்னால் வர வேண்டும்.

3. நீர்புகாக் கால்சட்டையும் காலணியும்

குளிர்காலத்துக்குப் பிந்தைய ஆற்று நீர் உறையும் நிலையிலிருந்து சில டிகிரி மட்டுமே மேலே இருக்கும். கோடையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு கசிவு அந்த நீரில் ஒரு மணி நேரத்துக்குள் காலை மரக்கச் செய்துவிடும். மரத்த கால் கல்லின் மேல் தன் பிடியை உணராது. எனவே இந்தப் படியில் நேரம் செலவழிப்பதை வீண் என்று எண்ண வேண்டாம்.

முதலில் கால்சட்டையைத் துவைத்து முழுவதுமாகக் காய வையுங்கள். அழுக்கும் எண்ணெயும் படிந்த துணியில் கசிவைக் காண்பதும் கடினம், பசை பிடிப்பதும் கடினம். காய்ந்தபின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல், ஆல்கஹாலைப் பகுதி பகுதியாகத் தெளியுங்கள். காற்றுப்புகும் சவ்வுத் துணியில் ஊசித்துளை இருந்தால் அந்த இடம் கரும்புள்ளியாகத் தெரியும். பேனாவால் உடனே வட்டமிடுங்கள், ஏனெனில் ஆல்கஹால் ஆவியானதும் புள்ளி மறைந்துவிடும். முழங்கால், தொடைகளின் உட்பக்கம், பாதத்தோடு கால்பகுதி சேரும் தையல் ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலான கசிவுகளைக் கண்டிருக்கிறேன்.

நியோபிரீன் பாதத்திலும் சில வகைத் துணிகளிலும் இந்தச் சோதனை பலன் தராது. அப்படிப்பட்டவற்றில், இருட்டறையில் கைவிளக்கை உள்ளே விட்டு வெளியிலிருந்து தையல்களைப் பாருங்கள். அல்லது முழங்கால் உயரம்வரை நீர் நிரப்பி எங்கே ஈரம் ஊறுகிறது என்று கவனியுங்கள். இடுப்புவரை நிரப்பக்கூடாது, நீரின் எடையே தையலைப் பிரித்துவிடும்.

வட்டமிட்ட இடங்கள் காய்ந்ததும் யூரிதேன் பசையை மெல்லிய படலமாக, துளையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் பூசுங்கள். தடிமனாகப் பூசினால் வலுவாக இருக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள்; தடித்த பசை மடியும்போது விளிம்பிலிருந்து உரிந்து வரும். இவ்வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுவதால், குளிர்ந்து வறண்ட அறையில் ஒரு இரவுக்கும் மேல் ஆகலாம். பசை முழுவதும் இறுகியபின் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். பலரும் விட்டுவிடுவது இந்த இரண்டாவது சோதனையைத்தான்.

காலணியில் கயிறும் அடிப்பாகமும் பார்க்கப்பட வேண்டியவை. ஃபெல்ட் எனப்படும் கம்பளி போன்ற அடிப்பாகம் வழுக்கும் பாறையில் நல்ல பிடி தரும், ஆனால் அதன் இழைகளுக்குள் ஈரமும் நுண்ணுயிர்களும் நெடுநேரம் தங்கும். டிடிமோ என்னும் பாசி 2004 இல் நியூசிலாந்தின் ஆறுகளில் கண்டறியப்பட்டபின், 2008 இல் அந்நாடு மீன்பிடிப்பவர்கள் ஃபெல்ட் அடிப்பாகம் அணிவதைத் தடை செய்தது. எந்த அடிப்பாகமாக இருந்தாலும், ஒரு ஆற்றிலிருந்து வேறொரு ஆற்றுக்குப் போகுமுன் சேற்றை நீக்கிக் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் மேலும் 48 மணி நேரம் உலர விடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அடுத்தவரின் ஆற்றுக்கும் நமக்கும் இடையிலான அடிப்படை நேர்மை அது.

4. கம்பு

கம்பைத் துணி உறையிலிருந்து எடுத்ததும் உறையை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாசம் வந்தால் ஈரத்தோடு வைக்கப்பட்டிருந்தது என்று பொருள். மெருகுப் பூச்சில் கொப்புளங்களும், ரீல் பொருந்தும் உலோகப் பகுதியில் அரிப்பும் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

வளையங்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்தின் உள்விளிம்பிலும் சுழற்றுங்கள். பஞ்சின் இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்தக் கீறல் ஒவ்வொரு வீச்சிலும் ஃப்ளை லைனின் பூச்சைச் சுரண்டும். நுனி வளையமே மிக அதிகமாகத் தேய்வதால் அதை இருமுறை சோதியுங்கள்.

அடுத்து, பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் மூட்டுகள். ஆண்பகுதியையும் (உள்ளே நுழையும் முனை) பெண்பகுதியின் உட்புறத்தையும் சிறிது ஆல்கஹாலில் நனைத்த துணியாலும் பஞ்சுக் குச்சியாலும் துடைத்து, ஆண்பகுதியில் மட்டும் பாரஃபின் மெழுகை லேசாகத் தேயுங்கள். மெழுகு பூசிய மூட்டு வீச்சின் நடுவே திருகிக் கழலாது. கழன்ற மூட்டோடு வீசுவதால்தான் பல கம்புகள் மூட்டருகே பிளக்கின்றன. கார்க் பிடியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் கழுவினால் போதும். உடைந்த பாகமோ கழன்ற வளையமோ தென்பட்டால் அன்றே பழுதுக்கு அனுப்புங்கள், வசந்தத்தின் தொடக்கத்தில் பழுதுபார்ப்பவர்களிடம் வேலை குவிந்துவிடும்.

5. ரீல்

சுருள்பகுதியைக் கழற்றி, மணலையும் பழைய பசையழுக்கையும் துடைத்து, தயாரிப்பாளர் சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். அதிக எண்ணெய் மணலைப் பிடித்து வைக்கும். மூடி முத்திரையிட்ட அமைப்புகளைத் திறக்கவே வேண்டாம்.

டிராக் எனப்படும் இழுவைத் தடையைக் குளிர்காலம் முழுவதும் இறுக்கியே வைத்திருந்தால் அதன் தட்டுகள் அமுங்கியிருக்கும். லைனைக் கையால் இழுத்துப் பாருங்கள்: நகரத் தொடங்கும் கணத்தில் வெட்டிவெட்டி வராமல் சீராக வர வேண்டும். மெல்லிய டிப்பெட் அறுவது பெரும்பாலும் மீன் பாயும் அந்த முதல் கணத்தில்தான்.

லைனுக்கு அடியில் சுற்றியிருக்கும் பேக்கிங் நூலையும் முழுவதுமாக வெளியே இழுத்து, இறுக்கமாகத் திரும்பச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய நூலுக்குள் மேலடுக்கு புதைந்துகொண்டால், பெரிய மீன் ஓடும்போது ரீல் பூட்டிக்கொள்ளும். நூலும் லைனும் சேரும் முடிச்சை இரு கைகளாலும் பலமாக இழுத்துச் சோதியுங்கள்.

6. ஃப்ளை லைன்

எல்லாச் சாமான்களிலும் அதிகம் உழைப்பதும் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் ஃப்ளை லைன்தான் என்பது என் உறுதியான எண்ணம். எடையற்ற ஃப்ளையைத் தூக்கிச் செல்வது லைனின் எடை. லைன்கள் எடையை வைத்து எண்ணிடப்படுகின்றன; 5 ஆம் எண் லைனில் நுனியிலிருந்து முதல் 9 மீட்டர் அளவுக்கு சுமார் 9 கிராம் எடை இருக்கும். அந்த எடை வளையங்களில் தடையின்றி வழுக்கிச் சென்றால்தான் வீச்சு நீளும். அழுக்குப் படிந்த லைன் மிதக்காது, வழுக்காது, நீரிலிருந்து தூக்கும்போது சத்தமிட்டு மீனை விரட்டும்.

வெதுவெதுப்பான நீரில் சில துளி சோப்பு விட்டு, லைனைத் தளர்வான வளையங்களாக அதில் கால் மணி நேரம் ஊற விடுங்கள். பிறகு மென்மையான துணியை மடித்து, இரு விரலுக்கிடையே லைனை வைத்து மெதுவாக இழுங்கள். துணியில் கருப்புக் கோடு விழுவது நிற்கும்வரை மீண்டும் செய்யுங்கள். அதன்பின் தூய நீரில் நன்றாக அலசுங்கள். சோப்பு மிச்சமிருந்தால் நீர்ப்பரப்பின் இழுவிசை குலைந்து, மிதக்க வேண்டிய லைன் அமிழும். கொதிநீர், கரைப்பான்கள், டீட் கலந்த பூச்சிவிரட்டி ஆகியவை பிவிசி பூச்சைக் கெடுக்கும். பூச்சிவிரட்டி தடவிய விரலோடு லைனைத் தொடுவதே பல லைன்கள் முதிர்ச்சிக்கு முன் வெடிப்பதற்குக் காரணம்.

துடைக்கும்போதே விரல்நகத்தால் தடவி வெடிப்புகளைத் தேடுங்கள். வெடிப்பு நுனியிலிருந்து ஒரு கையளவுக்குள் இருந்தால் வெட்டிவிட்டுப் புதிய கண்ணி போடலாம். அதற்கு மேல் வெட்டினால் நுனிக் குறுகல் கெட்டு ஃப்ளை தடாலென்று விழும். இருபுறமும் ஒரே அமைப்புள்ள டபுள் டேப்பர் லைனாக இருந்தால் முனை மாற்றிச் சுற்றி இன்னும் சில பருவங்கள் பயன்படுத்தலாம்; எடை முன்பகுதியில் குவிந்த வெயிட் ஃபார்வர்டு லைனில் இது முடியாது.

மாதக்கணக்கில் சுருண்டிருந்த லைன் நீரிலும் சுருளாகவே விழும். ஒருவர் முனையைப் பிடிக்க, மற்றவர் சில மீட்டர் தள்ளி நின்று, சில நொடிகள் நிதானமாக இழுத்து விடுவதைப் பகுதி பகுதியாகச் செய்தால் சுருள் நினைவு போய்விடும். திடீரென்று வெடுக்கென இழுக்கக் கூடாது.

7. லீடர், டிப்பெட், முடிச்சுகள்

லைனின் நுனியையும் டிப்பெட்டையும் இணைக்கும் குறுகிச் செல்லும் இழைதான் லீடர். கடந்த பருவத்தின் லீடரை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைக் கட்டுங்கள். நைலான் ஒளியிலும் வெப்பத்திலும் வலுவிழக்கிறது. அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. சுருளில் மிச்சமிருக்கும் டிப்பெட்டைச் சோதிக்க, நடுவில் ஒரு சாதாரண முடிச்சிட்டுச் சீராக இழுங்கள். அதே அளவுள்ள புதிய சுருளைவிட எளிதில் அறுந்தால் கழித்துவிடுங்கள். புதிய சுருள்களின் மேல் வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு இந்தச் சந்தேகமே வராது. ஃப்ளோரோகார்பன் ஒளியை நன்றாகத் தாங்கும், நீரில் அமிழும். நீருக்கடியில் போகும் ஃப்ளைகளுக்கு அது பொருத்தம், மிதக்கும் ஃப்ளைகளுக்கு நைலானே மேல்.

தடிமனைப் புரிந்துகொள்ள ஒரு எளிய கணக்கு இருக்கிறது: 11 இலிருந்து, டிப்பெட் சுருளில் குறித்திருக்கும் எக்ஸ் எண்ணைக் கழித்தால், ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். 5 எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். எந்த டிப்பெட் எந்த ஃப்ளைக்கு என்பதற்கு, முள்ளின் அளவு எண்ணை (எண் கூடினால் முள் சிறியது) மூன்றால் வகுத்துப் பாருங்கள். 16 ஆம் எண் ஃப்ளைக்கு 5 எக்ஸ் ஏறத்தாழச் சரியாக வரும். பருவத் தொடக்கத்தின் கலங்கலான, உயர்ந்த நீரில் இதைவிட ஓர் எண் தடிமனாகவே தொடங்கலாம்.

முடிச்சுகளை வீட்டிலேயே, கண்ணால் பார்க்காமலும் கட்ட முடிகிற அளவுக்குப் பழகுங்கள். தடிமன் அதிகம் வேறுபடும் இரு இழைகளைச் சேர்க்க சர்ஜன் முடிச்சு, ஏறத்தாழச் சமமானவற்றுக்கு பிளட் முடிச்சு, ஃப்ளையைக் கட்ட மேம்பட்ட கிளிஞ்ச் முடிச்சு: இந்த மூன்றும் போதும். இறுக்குமுன் நனைக்க மறப்பதுதான் புதியவர்களிடம் மிக அடிக்கடி காணும் பிழை. உலர்ந்த முடிச்சு உராய்வில் சூடேறி, கட்டும்போதே பலவீனமாகிறது.

8. ஃப்ளை பெட்டி

இப்போது பெட்டியைத் திறக்கலாம். துருப்பிடித்தவற்றை உடனே வெளியே எடுங்கள், ஈரத்தோடு அருகில் இருந்தால் துரு மற்றவற்றுக்கும் பரவும். மீதியுள்ள ஒவ்வொன்றின் முனையையும் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கூர்மையான முள் நகத்தில் பிடிக்கும், மழுங்கியது வழுக்கும். வழுக்குவதைத் தீட்டுங்கள். விதிகள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுமாறு பரிந்துரைக்கிறேன். மீனின் வாயிலிருந்தும் நம் விரலிலிருந்தும் முள் எளிதாகக் கழலும். நசுங்கிய இறகுகளுள்ள உலர் ஃப்ளைகளை (நீர்மேல் மிதப்பவை) இடுக்கியில் பிடித்து, கொதிக்கும் நீரின் ஆவியில் சில நொடிகள் காட்டினால் இறகு நிமிர்ந்துகொள்ளும்.

பருவத் தொடக்கத்துக்கு மேற்பரப்பு ஃப்ளைகளை நிறையக் கட்டிக்கொண்டு போவது வீண். குளிர்ந்த நீரில் மீன் பெரும்பாலும் அடியில் நின்று, அடியில் உருண்டு வருவதைத் தின்கிறது. ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் போன்ற நிம்ஃப்கள் (நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போன்ற ஃப்ளைகள்) 12 முதல் 18 வரையிலான எண்களில் பெட்டியின் பெரும்பகுதியை நிரப்பட்டும். ஃப்ளையில் கோக்கும் டங்ஸ்டன் மணியின் அடர்த்தி பித்தளையைப்போல இரு மடங்குக்கும் மேல் என்பதால், வேகமான நீரில் அது விரைந்து ஆழம் சேர்க்கும். கலங்கிய நீருக்கு வூலி பக்கர் என்னும் பெரிய, அமிழும் ஃப்ளை சில, மேகமூட்டமான நண்பகலில் நீரிலிருந்து வெளிவரும் சிறு மேஃப்ளைப் பூச்சிகளுக்காக உலர் ஃப்ளை சில என்று இருந்தால் முதல் வாரங்களுக்குப் போதும்.

9. புல்வெளியில் வீச்சுப் பயிற்சி

கடைசி மூன்று வாரங்களில், வாரத்தில் சில நாள், கால் மணி நேரம் மட்டும் பயிற்சி செய்யுங்கள். குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருந்த தோளும் முழங்கையும் ஒரே நாளில் நீண்ட நேர உழைப்பைத் தாங்குவதில்லை. சிமெண்டுத் தரையும் தார்ச் சாலையும் லைனை உரசித் தேய்க்கும், ஆகவே புல்தரைதான் வேண்டும். முள்ளுக்குப் பதில் சிறு கம்பளி நூலைக் கட்டுங்கள். லீடர் இல்லாமல் வீசாதீர்கள். லைனின் நுனி சாட்டையாகச் சொடுக்கி வெடித்துவிடும்.

புதியவர்கள் பயிற்சியை முடிந்தவரை தூரமாக வீசுவதில் செலவழிக்கிறார்கள். ஆற்றில் பெரும்பாலான மீன்கள் 9 அல்லது 10 மீட்டருக்குள்ளேயே பிடிபடுகின்றன. அந்தத் தூரத்தில் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் கம்பளி நூல் மெல்ல இறங்கும்வரை வீசுங்கள். தலையைத் திருப்பிப் பின்வீச்சைப் பாருங்கள்: லைன் பின்னால் ஏறத்தாழ நேராக நீண்டபின்தான் முன்வீச்சைத் தொடங்க வேண்டும். அந்த இடைநிறுத்தம் போதாததே தளர்ந்த, சிக்கலான வீச்சுக்கு முதற்காரணம். மணிக்கட்டை அதிகமாக மடக்குவது இரண்டாவது. காற்றுள்ள நாட்களைத் தவிர்க்காதீர்கள், வசந்தத்தில் ஆற்றங்கரையிலும் காற்றுத்தான் இருக்கும். லைனைப் பின்னால் வீசாமல் நீர்மேல் உருட்டி அனுப்பும் உருட்டு வீச்சுக்கு நீரின் பிடிப்பு தேவையாகையால் அதை மட்டும் குளத்தில் பழகுங்கள்.

10. முதல் நாள் ஆற்றில்

கிளம்புமுன் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்து, மட்டம் ஏறிக்கொண்டிருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஓடும் நீரின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும்: வேகம் இரட்டித்தால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சென்ற ஆண்டு எளிதாகக் கடந்த இடம் இந்த மாதம் கடக்க முடியாததாக இருக்கலாம். இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் நீரில் இறங்க வேண்டாம், ஊன்றுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் இழுத்துவிட்டால் மல்லாந்து, பாதங்களைக் கீழ்நீரோட்டத்தின் பக்கம் நீட்டியபடி மிதந்து செல்லுங்கள். ஆழமற்ற அமைதியான நீர் வரும்வரை எழுந்து நிற்க முயலாதீர்கள்; பாறையிடுக்கில் பாதம் மாட்டிக்கொள்வதே பேராபத்து.

விடியலில் போய்க் காத்திருக்கும் கோடைப் பழக்கம் இப்போது உதவாது. டிரவுட் குளிர்ந்த இரத்தமுள்ள மீன், நீர் 4 அல்லது 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருக்கும்போது அதன் செரிமானமும் அசைவும் மந்தமாகின்றன. 10 டிகிரியைக் கடந்தபின்தான் அது துடிப்பாக இரை தேடும். வெப்பமானியைச் சில நிமிடங்கள் நீரில் வைத்துப் பார்த்து, முற்பகல் 11 மணிக்குமேல் மெதுவாக ஓடும் ஆழமான பகுதிகளில் தொடங்குங்கள். பனி உருகி வரும் ஆறுகளில் மட்டும் வெயில் ஏறிய பிற்பகலில் உருகுநீர் சேர்ந்து வெப்பம் திரும்பக் குறையலாம். அப்போது முற்பகலின் பிற்பாதியே நல்ல நேரம்.

சரளைக்கற்கள் உள்ள ஆழமற்ற பகுதிகளில் காலை வைக்குமுன் பாருங்கள். பிரவுன் டிரவுட் இலையுதிர்காலத்தில் இட்ட முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் வசந்தம்வரை கற்களுக்கடியில் இருக்கக்கூடும்; ரெயின்போ டிரவுட் பல ஆறுகளில் வசந்தத்தில்தான் முட்டையிடுகிறது. சுற்றிலும் உள்ள பாசி படிந்த கற்களைவிட வெளிறித் தெரியும் பள்ளமும் அதன் கீழ்ப்புறம் ஒரு மேடும் இருந்தால் அது மீனின் முட்டைப்படுகை. அதன் மேல் நடக்க வேண்டாம், அங்கே நிற்கும் மீனை நோக்கி வீசவும் வேண்டாம். இதில் மட்டும் எந்த விதிவிலக்கும் இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிடித்த மீனை விடுவிக்கும்போது கையை நனைத்து, ரப்பர் வலையில், நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும் நாளில் மீனைப் படமெடுக்கத் தூக்கினால் அதன் செவுள் திசு உறையக்கூடும்.

வீடு திரும்பிய இரவே நீரின் வெப்பம், மட்டம், எந்த ஃப்ளை எந்த ஆழத்தில் பலித்தது என்பவற்றைக் குறித்து வையுங்கள். ஈரமான ஃப்ளைகளைப் பெட்டிக்குள் வைக்காமல் வெளியே உலர விடுங்கள். கம்பை உறையிலிருந்து எடுத்துச் சாய்த்து வைத்து, ரீலின் டிராக்கைத் தளர்த்தி, காலணியைக் கழுவிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.